கோயில் படிக்கட்டில் கடோத்கஜன்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ கலக்கி வச்சுக்கிட்டு உட்காருங்க.

போன மாதம் நிர்வாகக் கூட்டத்துல ஒரு தீர்மானம் வந்துச்சு. பிள்ளைங்க கோயில் வளாகத்துக்குள்ள ஹேண்ட்போனை எடுக்கவே கூடாது, கேம் விளையாடுறதைப் பார்த்தா போனை வாங்கி அலுவலகத்துல பூட்டி வச்சிடணும்னு. யார் வாங்கிப் பூட்டுறது? தொண்டர் அணி, அதாவது நாங்க. "நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க. நாங்க வாயைத் திறக்கல. காரணம், அந்த நிமிஷம் எங்கள்ல ஒருத்தர் மேசைக்கு அடியில ரேங்க் ஆட்டத்துல இருந்தார். யாருன்னு கமெண்ட்ல கேட்காதீங்க, அவருக்கு இந்த வருஷம்தான் பொருளாளர் பதவி கிடைச்சிருக்கு.

அன்னைக்குச் சொல்ல முடியாததை இங்க எழுதுறோம்.

முதல்ல எங்களைப் பத்தி. நாங்க எல்லாருமே முப்பதைத் தாண்டினவங்க. சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்துத் தோட்டங்கள்ல லயத்து வீட்டுல பிறந்தவங்க. அப்பா அம்மா பால்மரம் வெட்டினாங்க. நாங்க படிவம் ஒண்ணு போறதுக்குள்ள ரப்பர் போய் செம்பனை வந்துச்சு, சில தோட்டங்கள்ல அதுவும் போய் தாமான் வந்துச்சு. தோட்டத்துல மிஞ்சினது கோயில் மட்டும்தான். அதனாலதான் இன்னைக்கும் ஈப்போவுல இருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில இங்க வந்து நிக்கிறோம்.

ஆனா சனிக்கிழமை எங்க இருந்தோம்? டியூஷன்னு சொல்லிட்டு பஸ் ஏறி மேடான் கிட்ல இறங்கி, கடை வரிசைக்கு மேல் மாடியில இருந்த சிசியில இருந்தோம். சைபர் கஃபேன்னு முழுசா யாரும் சொன்னதில்லை, சிசிதான். ஒரு மணி நேரம் 2 வெள்ளி. பள்ளிக்கூடத்துல பசியாறக் கொடுத்த காசை அஞ்சு நாள் சேர்த்தா சனிக்கிழமைக்குத் தேறும். கவுண்டர் ஸ்ட்ரைக், டஸ்ட் டூ மேப். அப்புறம் வார்கிராஃப்ட் மூணுக்குள்ள வந்த டோட்டா. ஏர்கான் குளிர், சிகரெட் புகை, பெல்ட் அடி (இது வீட்டுக்கு வந்த பிறகு).

இதைச் சிரிச்சுக்கிட்டு எழுதுறோம், ஆனா ஒண்ணு உண்மை. தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம், தோட்டத்துல பன்னிரண்டு வருஷம் இருந்த எங்களுக்கு ஒரு சீனப் பையனோடயும் மலாய்ப் பையனோடயும் தோளை ஒட்டி உட்கார்ந்து ஒரே பக்கம் நின்னு சண்டை போட்ட முதல் இடம் அந்த மாடிதான். 2013-ல சியாட்டல்ல நடந்த டோட்டா உலகப் போட்டியில, நம்ம நாட்டுக்காரர் 'மூஷி' சாய் யீ ஃபுங் இருந்த ஆரஞ்ச் அணி மூணாவது இடம் பிடிச்சப்போ, சிசியில பழகின அத்தனை பேரும் ஆளாளுக்குப் போன் பண்ணிக் கத்தினோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றோம்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு. காலைப் பூசை முடிஞ்சு பிரசாதமும் கொடுத்தாச்சு. மண்டபத்துப் படிக்கட்டுல நாலு பையன்கள். மொபைல் லெஜண்ட்ஸ். சத்தத்தைக் குறைக்கல. சந்நிதி வரைக்கும் வெட்டுக்குத்துச் சத்தம் கேக்குது. தடியை ஊணிக்கிட்டு நம்ம தாத்தா வந்தார். எழுபதைத் தாண்டினவர், முப்பது வருஷத்துக்கு மேல மரம் வெட்டினவர், திருவிழாவுக்கு முதல் ஆளா வந்து கடைசி ஆளா போறவர்.

"சாமி இருக்கிற இடத்துல என்னடா சண்டை? யாரைடா வெட்டுறீங்க?"

மூணு பேர் போனை மறைச்சாங்க. ஒருத்தன் மட்டும் தலையைத் தூக்காம, "ரெண்டு நிமிஷம் தாத்தா, நான் டேங்க். விட்டுட்டு வந்தா டீம் செத்துடும்"னான்.

"டேங்கா? உன் ஆளு பேரு என்ன?"

"கத்தோத்காச்சா."

தாத்தா தடியைச் சுவத்துல சாய்ச்சார். "திரும்பச் சொல்லு."

"கத்தோத்காச்சா, தாத்தா. இந்தோனேசியா ஹீரோ."

"இந்தோனேசியாவா? டேய், அவன் பீமன் மகன்டா. கடோத்கஜன்."

நாலு பேரும் நிமிர்ந்தாங்க. மறைச்ச போனெல்லாம் வெளிய வந்துச்சு.

விளையாடாதவங்களுக்காக ஒரு விளக்கம். இது அஞ்சு பேருக்கு அஞ்சு பேர் மோதுற ஆட்டம். மூணு பாதை, பாதைக்குப் பாதை கோபுரங்கள், கடைசியில எதிரியோட கோட்டை. நூத்துக்கு மேல ஹீரோக்கள், அதுல ஒருத்தர் இந்த கடோத்கஜன். ஜாவாவோட வாயாங் நிழற்கூத்துல மகாபாரதம் பல நூறு வருஷமா வாழுது. அங்க இருந்துதான் கேமுக்கு வந்திருக்கார். இந்தோனேசியாவுல அவருக்கு இருக்கிற மரியாதை கொஞ்சநஞ்சமில்ல. 1995-ல அவங்க சொந்தமா செஞ்சு பறக்கவிட்ட என்-250 விமானத்துக்கே அவர் பேர்தான் வச்சாங்க. பாலி விமான நிலையத்துக்குப் பக்கத்துல பெரிய சிலை இருக்கு, போனவங்க பார்த்திருப்பீங்க. நம்ம பிள்ளைங்களுக்கோ அவர் யாரோ வெளிநாட்டு ஆளு. இதுல கேம் மேல என்ன தப்பு? சமய வகுப்பு எடுக்கிற எங்க மேலதான் தப்பு.

டேங்க்னா என்ன? அணிக்காக அடி வாங்குறவன். முன்னால போய் நின்னு, எதிரியோட பெரிய ஆயுதத்தைத் தன் மேல வாங்கிக்கணும். பின்னால ஒல்லியா நிக்கிற மார்க்ஸ்மேன் உயிரோட இருந்தாத்தான் ஆட்டம் ஜெயிக்கும். கேம்ல கடோத்கஜனுக்கு ஒரு வித்தை இருக்கு: சுத்தியிருக்கிற எதிரிகளை விட்டுத் தன்னையே அடிக்க வைக்கிறது. இன்னொண்ணு, ஆகாயத்துல எழும்பி எதிரிக் கூட்டத்து நடுவுல வந்து விழுறது.

தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. தோட்டத்துத் திடல்ல வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டின காலத்துல மாயாபஜார் பார்த்தவர். ரங்காராவ் கல்யாணச் சாப்பாட்டை ஒரே ஆளா முழுங்குற காட்சியை முதல்ல நடிச்சே காட்டினார். பையன்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் படியில உட்கார்ந்து பதினாலாம் நாள் ராத்திரிக்கு வந்தார்.

கர்ணன்கிட்ட இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் இருக்கு. ஒரே ஒரு தடவைதான் வீச முடியும். அர்ஜுனனுக்குன்னே பத்திரமா வச்சிருக்கான். அன்னைக்கு இருட்டினதுக்குப் பிறகும் போர் நிக்கல. கிருஷ்ணர் கடோத்கஜனை அனுப்புறார். அவன் ராட்சச ரத்தம், ராத்திரியில பலம் கூடுது. கௌரவர் படை சிதறுது. வேற வழியில்லாம கர்ணன் அந்த ஆயுதத்தை அவன் மேல வீசுறான். சாகும்போதுகூட உடம்பை மலை மாதிரி பெருசாக்கி எதிரிப் படை மேல விழுந்து நசுக்கிட்டுத்தான் செத்தான்.

டேங்க் பையன் போனைக் கீழ வச்சுட்டான். "தாத்தா, அப்ப கர்ணனோட அல்டியை இவன் வாங்கிக்கிட்டான். அர்ஜுனன் மார்க்ஸ்மேன். அதனாலதான் அவன் பிழைச்சான்."

அல்டின்னா என்னன்னு நாங்க தாத்தாவுக்குச் சொன்னோம். அவர் யோசிச்சுட்டு, "ஆமா, அதேதான்"னார்.

"எம்.வி.பி. யாருக்கு?"

"அப்படின்னா?"

"ஆட்டநாயகன் பட்டம், தாத்தா."

"அர்ஜுனனுக்குத்தான். கிருஷ்ணர் தேர்ல நின்னு சந்தோஷத்துல ஆடினாராம்."

பையன் முகம் மாறிடுச்சு. "செத்தது அவங்க அண்ணன் மகன்தானே? அதுக்கு ஆடினாரா?"

தாத்தா உடனே பதில் சொல்லல. சமய வகுப்புல நாங்க கேள்வியே வராம பாடம் நடத்திட்டிருந்தோம். இங்க ஒரு படிவம் இரண்டு பையன் வியாசர்கிட்டக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுட்டான். கடைசியில தாத்தா சொன்னது இது: "முன்னால நின்னவனை எவன்டா நினைச்சான்? காட்டை வெட்டித் தோட்டம் போட்டது யாரு? பேரு யாருக்கு?" எழுந்து தடியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். போனை வைன்னு அவர் சொல்லல. அன்னைக்கு யாரும் மறு ஆட்டம் போடல.

சரி, இது நல்ல கதை. ஆனா அந்த டேங்க் பையன் அன்னைக்கு ஏன் கோயில்ல இருந்தான்னும் சொல்லணும். இல்லன்னா இந்தப் பதிவு பாதிப் பொய். அவங்க அம்மாவோட சம்மதத்தோட எழுதுறோம். அடையாளம் தெரியாம இருக்கச் சில விவரங்களை மாத்தியிருக்கோம்.

வருஷக் கடைசி விடுமுறையில மண்டபக் கூரை நிதிக்காக நாங்க ஒரு மொபைல் லெஜண்ட்ஸ் போட்டி வச்சோம். 16 அணிகள். நல்லாவே நடந்துச்சு. மெங்லெம்புவிலிருந்து ஒரு சீன அணி வந்துச்சு. அந்தப் பையன்கள் தைப்பூசத்துக்கு நம்ம தண்ணீர்ப் பந்தலுக்கு வந்து, புந்தோங்ல இருந்து கல்லுமலைக்குப் போற கூட்டத்துக்கு விடிய விடிய மோர் ஊத்தினாங்க. அந்தப் பெருமை எங்களுக்கு இன்னும் இருக்கு. ஆனா போட்டியில மைக் பிடிச்ச எங்க ஆளு ஒருத்தர் கலகலப்பா இருக்கட்டும்னு, "டிஃபால்ட் ஸ்கின்னோட வந்திருக்கான்பா, பாவம் சட்டை வாங்கக் காசில்ல போல"ன்னு ஒரு பையனைப் பார்த்துச் சொன்னார். கூட்டமே சிரிச்சது. நாங்களும் சிரிச்சோம்.

அது இந்தப் பையன்தான்.

மூணு வாரம் கழிச்சு அவங்க அம்மா வந்தாங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு, தொழிற்சாலைச் சட்டையை மாத்தாம நேரா கோயிலுக்கு. போன்ல இருந்த இ-வாலட்ல 20 வெள்ளி, 50 வெள்ளின்னு மொத்தம் 480 வெள்ளி போயிருக்கு. எல்லாம் டைமண்டுக்கு. அக்கா ராத்திரி வேலைக்குப் போற நேரம், பையன் பழைய போன்ல இருந்து வாங்கியிருக்கான். அது மூணு மாசமா கட்டாத கரண்ட் பில்லுக்கும் பள்ளிச் சட்டைக்கும் வச்சிருந்த பணம். "உங்க கோயில் போட்டிக்கு வந்த பிறகுதான் இப்படி ஆயிட்டான் தம்பி"ன்னாங்க. அழுதாங்க, எங்களைத் திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

இந்த இடத்துல பெற்றோர்களுக்கு எங்க கருத்தை நேராவே சொல்றோம். கேம் இலவசம்தான். ஸ்கின்ங்கிறது ஹீரோவுக்குப் போடுற சட்டை. நேரா விலை கொடுத்து வாங்குறது ஒரு வகை. டைமண்டைக் கொட்டிச் சக்கரம் சுத்தி, வருமோ வராதோன்னு காத்திருக்கிறது இன்னொரு வகை. இந்த ரெண்டாவதை நாங்க கேம்னே ஒத்துக்க மாட்டோம். அது நாலு நம்பர் எடுக்கிற மாதிரி. நம்ம மாமாக்கள் கனவுல வந்த நம்பரை எடுக்க நிக்கிற கடையில சின்னப் பிள்ளையை நிக்க விடுவீங்களா? பெல்ஜியம் நாட்டுல 2018-லேயே இந்த மாதிரி அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள்ள வருதுன்னு சொல்லிட்டாங்க. கேமைத் தடுக்காதீங்க, இ-வாலட்டோட பின் நம்பரை மாத்துங்க. இன்னைக்கே மாத்துங்க.

பையன் தன் அக்கவுண்டை விற்றுப் பணம் தர்றேன்னான். அது விதிப்படி கூடாது, அதுல ஏமாத்துறவங்களும் அதிகம். வேண்டாம்னுட்டோம். நாங்க ஏழு பேர் சேர்ந்து 480 வெள்ளியை அக்கா கையில கொடுத்தோம். முதல்ல அவங்க வாங்கல. இது தர்மம் இல்லக்கா, அபராதம், மைக்ல பேசினதுக்குன்னு சொன்னதும் வாங்கிக்கிட்டாங்க. பையன் தானா வந்து, 16 ஞாயிறு அன்னதான அண்டா கழுவுறேன்னு சொன்னான். ஒரு ஞாயிறுக்கு 30 வெள்ளின்னு அவனே கணக்குப் போட்டிருந்தான். படிக்கட்டுக் கதை நடந்தது அவனோட ஒன்பதாவது ஞாயிறு. கை காய்ஞ்சதும் ஒரு ஆட்டம்னு உட்கார்ந்திருந்தான்.

அவன் வாங்கின ஸ்கின் எதுக்குன்னு நினைக்கிறீங்க? கடோத்கஜனுக்குத்தான்.

இன்னொரு விஷயம், இதைப் பெரியவங்க யாரும் கூட்டத்துல பேசவே இல்ல. பையன்கள் வாய்ஸ் சேட்ல பேசுறாங்க. தமிழ் உச்சரிப்புக் கேட்டதும் அந்தப் பக்கம் இருந்து நம்மளைக் குறிக்கிற அந்தச் சொல் வரும். எதுன்னு உங்களுக்கே தெரியும், எழுத மாட்டோம். சிசியில பக்கத்துல உட்கார்ந்திருந்தவன் அப்படிச் சொல்லத் தயங்குவான், எழுந்து நின்னா நாங்களும் நிப்போம். இங்க முகமே கிடையாது. நம்ம பையன்கள்ல பாதிப் பேர் மைக்கை மூடிட்டுத்தான் விளையாடுறாங்க, கேட்டுப் பாருங்க. மீதிப் பேர் அதைவிட மோசமாத் திருப்பித் திட்டக் கத்துக்கிட்டாங்க. எங்களுக்கு வெட்டுக்குத்துச் சத்தத்தைவிட இதுதான் பெரிய கவலை. ரிப்போர்ட் பட்டன் இருக்கு, நாங்க அழுத்துறோம், அவ்வளவுதான்.

சாமியைக் கேம்ல வைக்கலாமான்னும் கேட்டாங்க. 2017 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? ஃபைட் ஆஃப் காட்ஸ்னு ஒரு கேம், இயேசு, புத்தர், குவான் கோங் எல்லாரும் குத்துச்சண்டை போடுறாங்க. அதுக்காக நம்ம நாட்டுல ஸ்டீம் கடையையே முடக்கினாங்க. அந்த கேமை இங்க விற்பனையில இருந்து எடுத்ததும் மறுநாள் திறந்துட்டாங்க. எங்களுக்கு அந்த கேம் பிடிக்கல, சிரிப்பும் வரல. ஆனா ஒரு கேமுக்காகக் கடையையே சாத்தினது எங்களுக்கு இன்னும் பிடிக்கல. ஸ்மைட் கேம்ல காளியை 2012-ல அரைகுறை உடையில காட்டினப்போ எதிர்ப்பு வந்ததும் நியாயம்தான்னு நினைக்கிறோம். அதே சமயம் 2020-ல புனேக்காரங்க செஞ்ச ராஜி கேம்ல துர்க்கையையும் விஷ்ணுவையும் பார்த்து எங்களுக்குக் கையெடுக்கத் தோணுச்சு. வைக்கிறதும் வைக்காததும் இல்ல, எப்படி வைக்கிறாங்கங்கிறதுதான்.

அப்புறம் வெண்பா. அது 2023-ல வந்துச்சு, டொரண்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் செஞ்சது. 1980-கள்ல தமிழ்நாட்டுல இருந்து கனடா போன ஒரு குடும்பம். சண்டை கிடையாது, சமையல்தான். அடுத்த வருஷம் பாஃப்டாவுல சிறந்த அறிமுக கேம் விருது வாங்குச்சு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்து டிவியில போட்டோம். முதல் அத்தியாயமே இட்லி. அம்மாவோட பழைய சமையல் புத்தகம் கிழிஞ்சிருக்கு, விட்டுப்போன வரியை நாமதான் கண்டுபிடிக்கணும். இருபது வருஷம் கேம் ஆடின நாங்க தட்டை மாத்தி மாத்தி அடுக்கித் தோத்தோம். காய் நறுக்கிக்கிட்டிருந்த அக்காமார்கள் அங்க இருந்தே, "டேய், தட்டை அப்படியாடா வைப்பாங்க? கொண்டா இங்க"ன்னு கன்ட்ரோலரைப் பிடுங்கினாங்க. ஒன்றரை மணி நேரத்துல முடிச்சாங்க. பையன் வளர வளர அம்மாகிட்டத் தமிழ்ல பேசுறது குறையிற இடத்துல மண்டபம் அமைதியாயிடுச்சு. ஒரு அக்கா முந்தானையால கண்ணைத் துடைச்சுட்டு வெங்காயம்னு சொன்னாங்க. அன்னைக்கு வெங்காயம் நறுக்கல, பூசணிக்காய்.

போன வாரம் மறுபடியும் கூட்டம். இந்த முறை பேசினோம். மேலே எழுதினதுல பாதியைத்தான் சொன்னோம். மிச்சத்தைத் தாத்தா எழுந்து சொல்லிட்டார், அல்டிங்கிற சொல்லோட. முடிவு இதுதான்: பூசை நேரத்துல போன் வெளிய வரக்கூடாது, பெரியவங்களுக்கும் சேர்த்துத்தான். மத்த நேரத்துல படிக்கட்டுல விளையாடலாம், சத்தம் இல்லாம. பறிமுதல் கிடையாது. தீர்மானத்துக்கு எதிரா ரெண்டு பேர் கை தூக்கினாங்க. அவங்க கவலையும் நியாயமானதுதான், எங்களுக்குக் கோபமில்லை.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். ஒரு ஆட்டம் சுமார் 15 நிமிஷம். நடுவுல நிறுத்தி வைக்க முடியாது. விட்டுட்டு ஓடினா மத்த நாலு பேருக்கும் நஷ்டம், பையனோட க்ரெடிட் ஸ்கோரும் குறையும். அதனால "சாப்பிட வா"ன்னு ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னால சொல்லுங்க. அதுக்கப்புறமும் வரலன்னா தாராளமாத் திட்டுங்க, நாங்க சிபாரிசுக்கு வர மாட்டோம்.

அடுத்த பள்ளி விடுமுறையில மறுபடியும் போட்டி உண்டு. நுழைவுக் கட்டணம் இல்ல, ஒரு அணிக்கு 5 கிலோ அரிசி. எல்லா ஹீரோவும் டிஃபால்ட் ஸ்கின்ல மட்டும்தான். மைக் பிடிக்கிறவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடுவோம். ஆட்டநாயகன் கோப்பையோட டேங்குக்குன்னு தனியா ஒரு கோப்பை இருக்கு. அதை அந்தப் பையன்தான் கேட்டான், தாத்தா காசு கொடுக்கிறார்.

வர்ற ஞாயிறு பூசை முடிஞ்சதும் தாத்தா படிக்கட்டுல பதினஞ்சாம் நாள் சொல்றார். 10 மணிக்கு வாங்க. அன்னதானம் இருக்கு, பெரிய அண்டா ஆறு. பையனுக்கு இன்னும் மூணு ஞாயிறுதான் பாக்கி, ஆனா ஆறையும் அவன் ஒருத்தனே தேய்க்க முடியாது. பழைய சட்டை போட்டுக்கிட்டு வாங்க.